ஒற்றை நாற்காலியும் அணைகிற திரையும்

"குழந்தையை வச்சுக்கிட்டு நிக்கிறீங்களே... உக்காருங்க, செனோரிட்டா!"

சட்டென்று எழுந்து இடம் விட்டவனை சுல்மா ஏற இறங்கப் பார்த்தாள். லா பாஸ் நகரத்து மேட்டில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது பேருந்து. அவள் முதுகில் வரிவரியான அகுவாயோ துணி, மார்புக்கு மேல் ஒரு முடிச்சு. அந்த ஊரில் அந்த முடிச்சைப் பார்த்தால் முதுகில் பிள்ளை தூங்குகிறதென்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"பரவாயில்ல, நான் நிக்கிறேன்."

"நீங்க நிக்கலாம், அது தாங்குமா? என்ன வயசு?"

"இருபத்துநாலு."

"மாசமா?"

"அங்குலம்."

அவள் திரும்பிக் காட்டினாள். துணியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு மானிட்டரின் மூலை எட்டிப் பார்த்தது. பேருந்தே கொல்லென்று சிரித்தது. அவனுக்குக் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அந்தக் கண்கள் மட்டும்... ஊரே சிரித்த பிறகும் தன் சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். சுல்மா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"எலோய் சல்மோன் தெருவுக்கு, ரிப்பேருக்கு. அடிக்கடி திரை அணைஞ்சு போகுது. அங்க லிம்பெர்ட்னு ஒருத்தர் ரொம்பக் கெட்டிக்காரராம். பிள்ளைக்கும் மானிட்டருக்கும் வித்தியாசமாவது தெரியுதான்னு பார்க்கணும்."

"தெரியாது போலிருக்கே..." என்று பிடரியைத் தடவினான் அவன். "நான்தான் அந்த லிம்பெர்ட்."

அவன் கடையில் மானிட்டர் மூன்று மணி நேரம் ஓடியது. ஒரு தடவைகூட அணையவில்லை. சமர்த்துப் பிள்ளை, அம்மாதான் பயப்படுகிறாள் என்று சொல்லி அனுப்பினான். வீட்டுக்குத் தூக்கி வந்து மாட்டினாள். பத்தாவது நிமிடம் திரை இருண்டது. 'சிக்னல் இல்லை' என்ற இரண்டு சொற்கள் கறுப்பில் அநாதையாக மிதந்தன.

இது விளையாட்டுச் சமாசாரமில்லை. காது கேளாத மாணவர்களுக்காக, இணைய வகுப்பில் ஆசிரியர் பேசப் பேச எழுத்தாகத் தட்டித் தருவது அவள் வேலை. திரை போனால் வரி போகும், பிள்ளைகளுக்குப் பாடம் போகும். இன்னும் ஒருமுறை விட்டுப்போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது.

சனிக்கிழமை லிம்பெர்ட் வீட்டுக்கே வந்தான். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சக்கரம் வைத்த, ஏற்றி இறக்குகிற ஒரே ஒரு நாற்காலி. இரண்டு வருஷமாக இன்னொரு நாற்காலிக்குத் தேவை வரவில்லை. யார் வந்தார்கள், உட்கார?

"உக்காருங்க மாஎஸ்ட்ரோ" என்றாள், பழுது பார்ப்பவரை அந்த ஊரில் அழைக்கும் மரியாதையில்.

"நீங்க?"

"விருந்தாளி நிக்க, நான் உக்காரவா? எங்கம்மா என்னை அப்படி வளர்க்கல."

அவன் உட்கார்ந்தான். கம்பியைக் கழற்றி மாட்டினான், வேறு கம்பி போட்டான், கணினியின் பின்புறம் வேறு துளையில் சொருகினான். இரண்டு மணி நேரம். திரை சிமிட்டக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி சுல்மா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோகா இலைத் தேநீரை அவனிடம் நீட்டியபோது விரலோடு விரல் பட்டது.

சுரீர்!

"ஐயோ!"

"ஜூலை மாசம்... யாரைத் தொட்டாலும் இப்படித்தான்" என்றான், விரலை உதறிக்கொண்டே.

விரல் பட்டால் மின்சாரம் பாய்ந்தது என்று காதல் கதைகளில் எழுதுவார்கள். ஜூலை மாதத்து லா பாஸில் அதற்குக் காதலெல்லாம் வேண்டாம். மழையே எட்டிப் பார்க்காத குளிர், வறண்ட காற்று, மேலே அல்பாகா கம்பளிச் சட்டை... கதவுக் கைப்பிடிகூடக் கடிக்கும். ஆனால் கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு யாரும் இவ்வளவு நேரம் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

அவன் போய் அரைமணி நேரத்தில் திரை மறுபடி இருண்டது. மறுபடி கூப்பிட்டாள். கூப்பிடும்போது குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததே... அது அவளுக்கே தெரிந்தது.

இரண்டாம் முறை வந்தவன் மானிட்டரையே நகர்த்திப் பார்த்தான். பின்னால் ஒரு சின்னக் களிமண் சேவல்!

அவள் உயிரே போய்விட்டது. ஜனவரிச் சந்தையில் அவரவர் ஆசைப்படுவதைப் பொம்மையாக வாங்குவார்கள், அது அந்த வருஷமே கைகூடும் என்று நம்பி. வீடு வேண்டுமென்றால் வீடு, வண்டி வேண்டுமென்றால் வண்டி. துணையில்லாத பெண்ணுக்கு யாராவது ஒரு சேவல் வாங்கிக் கொடுப்பார்கள், ஆணுக்குக் கோழி. தோழி நெல்வா கேலியாகக் கொடுத்ததை, யார் கண்ணிலும் படாமல் சுல்மா அங்கே ஒளித்து வைத்திருந்தாள்.

"அட, சேவலார்!" என்றான் லிம்பெர்ட் குறும்பாக. "இப்பல்ல புரியுது... பழுது மானிட்டர்ல இல்ல. ஆளைக் கூப்பிட ஒரு சாக்கு, அப்படித்தானே?"

"வெளிய போங்க."

"சும்மா விளையாட்டுக்குச்..."

"தனியா இருக்கிறவ பொய் சொல்லி ஆளைக் கூப்பிடுறான்னு நினைச்சுட்டீங்கல்ல? போங்க!"

அவன் வழக்கம்போல முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பிறகு எழுந்து, கருவிப் பையை எடுத்துக்கொண்டு, தலை குனிந்து போனான். படிகளில் அவன் காலடி தேய்ந்து மறையும்வரை சுல்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏன் இப்படி வலிக்கிறது? அவன் சொன்னது பொய் என்பதாலா? இல்லை... பாதி உண்மை என்பதால். பழுது நிஜம்தான். ஆனால் ஒவ்வொரு முறை திரை அணைந்தபோதும், அவன் வருவான் என்று மனசில் ஒரு விளக்கு எரிந்ததே, அதுவும் நிஜம்தானே?

அந்த வாரம் நீண்டுகொண்டே போனது. காலையில் மூலைக் கடையில் ரொட்டிக்காரி கேட்டாள்.

"ஒண்ணுதானா, காசெரீத்தா?" வாடிக்கைக்காரர்களை அவள் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவாள்.

"ஒண்ணு போதும்."

தினமும் கேட்பதுதான். அன்றைக்கு மட்டும் அந்த ஒற்றை ரொட்டி கையில் கனத்தது. வீட்டில் அதைப் பிய்க்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

வியாழன் மாலை. வகுப்பு தொடங்கக் கால்மணி இருந்தது. ஜன்னலைச் சாத்த எழுந்தாள். திரை அணைந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து காத்திருந்தாள். வந்தது. தண்ணீருக்காக எழுந்தாள். அணைந்தது.

சுல்மா அப்படியே நின்றுவிட்டாள். பின் மெதுவாக உட்கார்ந்து, திரை வந்ததும் வெடுக்கென்று எழுந்தாள்... இருட்டு. இன்னொரு முறை... இருட்டு!

"நாற்காலி!" என்று கத்தினாள். நாற்காலிதான்!

வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்த நொடி கண் நிறைந்துவிட்டது. சொல்ல யாருமில்லை. சொல்ல வேண்டும் என்று மனசு ஓடிய ஒரே ஆளை அவளே துரத்திவிட்டாள்.

அன்றைய வகுப்பு முழுக்க நின்றுகொண்டே தட்டினாள். ஒரு வரி விட்டுப்போகவில்லை. வகுப்பு முடிந்ததும் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"நாளைக்கு வாங்க. ரிப்பேருக்கு இல்ல... பார்க்கிறதுக்கு."

மறுநாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான்.

"உக்காராதீங்க!" என்றாள் முதல் வார்த்தையாக. அவளே உட்கார்ந்தாள், எழுந்தாள். 'சிக்னல் இல்லை' மிதந்தது.

லிம்பெர்ட்டின் வாய் பிளந்தது. "உங்க கம்பளி இதுல உரசி உரசி மின்சாரம் சேருது... எந்திரிச்சதும் நாற்காலி படக்குனு அதை விடுது. பக்கத்துல கிடக்கிற கம்பி வாங்கிக்குது. என் கடையில இந்த நாற்காலி இல்ல. இங்க வந்தா, என்னையே உக்கார வச்சிட்டு நீங்க நின்னீங்க. நான் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிடுவேன்... சே!"

"நான் பொய் சொல்லல" என்றாள் அவள்.

"தெரியும். அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா..." தொப்பியைக் கசக்கினான். "நீங்க பொய் சொல்லியிருந்தா நல்லாயிருக்குமேன்னு நினைச்சுக்கிட்டேதான் அன்னிக்குப் படியிறங்கினேன்."

கருவிப் பைக்குள் கைவிட்டு, கறுப்பு டேப் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தான். அலகு உடைந்த ஒரு களிமண் கோழி.

"அக்கா வாங்கிக் கொடுத்தா. மூணு வருஷமா ஸ்க்ரூடிரைவரோட கிடந்து அடிபட்டிருக்கு. சேவல் வச்சிருக்கிறவங்களைக் கிண்டல் பண்ண எனக்கு என்ன யோக்கியதை?"

சுல்மா மேசை இழுப்பறையைத் திறந்து அன்றைக்கே உள்ளே போட்டிருந்த சேவலை எடுத்தாள். இந்தமுறை மானிட்டருக்குப் பின்னால் ஒளிக்காமல் முன்னால் வைத்தாள். அவன் கோழியைப் பக்கத்தில் வைத்தான்.

"நல்ல தடிப்பான கம்பியா ஒண்ணு போட்டு, நாற்காலியையும் மாத்திட்டாச் சரியாயிடும்" என்றான் மெல்ல. "அப்புறம் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது."

"அவசியமில்லாம கூப்பிட்டா... வருவீங்களா?"

அவன் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள்.

சுரீர்!

இந்தமுறை இருவருமே கையை இழுத்துக்கொள்ளவில்லை.