கடைசியாக அடைந்தது

பொழுது சாய்ந்த பிறகும் வான்கோழிகள் மரமேறவில்லை.

டெல்மருக்கு அது சரியாகப் படவில்லை. குளிர்காலம் முழுக்க மேட்டுப் பைன் தோப்பில் பெருங்கூட்டமாக அடைபவை, பனி உருகியதும் சிறுசிறு கூட்டமாகப் பிரிந்து ஓடைக்கரைச் சிக்கமோர் மரங்களுக்கு இறங்கிவிடும். மிசௌரியின் இந்த மலைச்சரிவில் அவன் பிறந்த நாளாய் அப்படித்தான். வெளிச்சம் மங்குமுன் சடசடவென்று கிளையேறிவிடும். எந்த மரத்தில் சேவல் அடைகிறது என்று பார்த்துவைத்தால், வேட்டை தொடங்கும் நாள் விடியலில் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்குத்தான் வந்திருந்தான், துப்பாக்கி இல்லாமல்.

வர மனமே இல்லை. தங்கை வெர்னாதான் விரட்டினாள்.

"போயிட்டு வாண்ணே. நீ இப்படி முடங்கிக் கெடந்தா அவருக்கே பிடிக்காது. 'ஒங்கண்ணன் வராத வருஷம் வான்கோழிங்க விருந்து வைக்கும்'னு கேலி பண்ணுவாரே!"

சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு துண்டு சோள ரொட்டி வைத்தாள். அதைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டான்.

போன வசந்தத்தில், இதே கரையில், அவள் புருஷன் ராய்ஸைச் சுட்டவன் டெல்மர். சேவலை வரவழைக்கப் புதருக்குள் உட்கார்ந்து பெட்டைபோலக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான் ராய்ஸ். சேவலின் சிவந்த தலை தெரிந்ததால் சுட்டதாக ஷெரிஃபிடம் சொன்னான் டெல்மர். விபத்து என்றார்கள், தோளைத் தட்டினார்கள். வெர்னா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவன் எந்தத் தலையையும் பார்க்கவில்லை. இலை அசைந்தது, சுட்டான். அவ்வளவுதான். "மச்சான், நாந்தான்டா" என்று சாகுமுன் ராய்ஸ் முனகியதையும் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஓடைத் தண்ணீர் கல்லில் உரசும் ஓசையும், அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாடையும், தரையிலிருந்து மேலேறி அடிமரங்களை ஒவ்வொன்றாய் விழுங்கிய இருட்டும் அவனைச் சுற்றி நெருங்கி வந்தன. மரத்தடியில் பறவைகள் இரை பொறுக்காமல், இறகு கோதாமல், கழுத்தை நீட்டி நின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. அவனை அல்ல. அவனுக்குப் பின்னால் இருந்த புதரை.

சட்டென்று எல்லாம் ஒன்றாய் எழும்பிக் கிளைகளில் அமர்ந்தன. சேவல் பதில் கத்தட்டும் என்று ஆந்தைபோலக் கூவினான். எந்தச் சேவலும் கத்தவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டை கூப்பிட்டது.

மெதுவாக. கொஞ்சம் கரகரப்பாக. மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும்.

பறவைக்கு அப்படி மூச்சு வாங்காது.

டெல்மர் திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டான். "மாப்ளே," என்றான். "வெர்னாகிட்ட சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

இலைகள் நொறுங்கின. நனைந்த துணியின் வாடை. வெடிமருந்து வாடை. அது அவன் தோளை உரசியது. நிற்கவில்லை. தாண்டிப் போனது.

பிறகு படபடப்பு. இறகின் ஓசை இல்லை. துணியின் ஓசை. கனமாக, தட்டுத்தடுமாறி, மேலே மேலே. ஒரு கிளை முனகியது.

கண்ணைத் திறந்தான்.

சாம்பல் வானத்தின் பின்னணியில், வரிசையாய் அடைந்திருந்த வான்கோழிகளுக்கு நடுவில், முழங்கால் இரண்டையும் மார்போடு மடக்கி, தலையைத் தோளுக்குள் செருகிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. இரு பக்கத்துப் பறவைகளும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தன. பின்பு குளிருக்கு அதை அணைத்தாற்போல் நெருங்கிவந்து ஒட்டிக்கொண்டன.