வாலில் எழுதிய எண்

எது முதலில் நடந்தது என்பதில் சேஷகிரிக்கு இன்றுவரை தெளிவில்லை. விமானத்தின் வாலில் எண்ணை எழுதிய பிறகுதான் பைலட் பிடித்து ஓட்டும் ஸ்டிக் பாதியில் நிற்கத் தொடங்கியது என்று அவர் சொல்லுவார். எழுதுவதற்கு முந்தைய வாரமே ஒருமுறை நின்றது என்பார் நண்பர் டிரேவர். எழுபது வயதில் ஞாபகம் தனக்கு வசதியான வரிசையில் சங்கதிகளை அடுக்கிக்கொள்ளும். சேஷகிரிக்கு அது நன்றாகத் தெரியும். நாற்பத்தாறு வருடங்களாக ஒரு காலையை அவர் அப்படித்தான் அடுக்கி வைத்திருந்தார்.

ஆனேக்கல்லுக்கு வெளியே, ஓசூர் பேருந்துகள் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு இருக்கைகள் கொண்ட ஒரு பழைய பயிற்சி ஜெட் நின்றது. ஏதோ பாலிடெக்னிக் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை மூன்று பேர் சேர்ந்து மீட்டு வந்திருந்தார்கள். விமானப்படையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற சேஷகிரி, பெங்களூர் ஒக்கலிபுரத்திலிருந்து வருவார். பெயின்ட் வேலைக்கு டிரேவர்; வழியில் சேஷகிரியைத் தன் பழைய மாருதியில் ஏற்றிக்கொள்வார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வரும் மமதாவுக்குப் பழைய புகைப்படங்களும் பறந்தவர்களின் பட்டியல்களும்தான் உயிர். ஞாயிறு தவறாமல் கூடுவார்கள். வேலையை விடப் பேச்சுதான் அதிகம் நடக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சேஷகிரி விட்டுக்கொடுக்கமாட்டார். சுவரில் ஒரு மரப்பலகை. அதில் ஒவ்வொரு கருவியின் உருவமும் சிவப்பில் வரைந்திருக்கும். கிளம்பும் முன் எல்லாக் கருவிகளும் அதனதன் உருவத்தில் தொங்கவேண்டும். அவர் பெயரை வாசிக்க, டிரேவர் ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி, "பிரசன்ட் சார்!" என்பார்.

"இது பறக்கவே போறதில்ல மேன். இதுக்கு எதுக்கு வாராவாரம் அட்டெண்டன்ஸ்?"

"இருக்கட்டும்" என்பதோடு சேஷகிரி நிறுத்திக்கொள்வார்.

சிக்கல் எண்ணில் ஆரம்பித்தது. பழைய விமானத்தின் நிஜ எண்ணைக் கண்டுபிடிக்க, பெயின்டை உப்புத்தாளால் அடுக்கடுக்காகத் தண்ணீர்விட்டுத் தேய்த்துப் பார்ப்பது வழக்கம். இதில் வெறும் உலோகம் வரை தேய்த்தும் எதுவும் கிடைக்கவில்லை. உடல் ஒரு விமானத்தினுடையது, வால் வேறொன்றினுடையது.

"எண்ணே இல்லாம விட்டுரலாம்" என்றார் டிரேவர். "ராங் நம்பர் போட்டா ஃபேஸ்புக்ல நம்மள கிழிச்சுத் தோரணம் கட்டிடுவானுங்க."

"ராங் இல்ல அங்கிள், அஞ்சலி" என்றாள் மமதா. "விழுந்துபோன ஒரு விமானத்தோட நம்பரைப் போடலாம். ஃபிளைட் லெப்டினன்ட் அச்யுத். நம்ம பெங்களூர்க்காரர்தான். அவர் பொண்ணு சங்கமித்ராவை நான் தேடிப் பிடிச்சிட்டேன். நம்ம ஜெட்டைத் திறந்து வைக்கிற விழாவுக்கு வர்றேன்னுட்டாங்க."

போனை நீட்டினாள். மங்கலான புகைப்படம். இறக்கை மேல் கை வைத்து ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் பின்னால் வாலில், 417.

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

டிரேவர் ஸ்டென்சில் வெட்டி, மூன்று இலக்கங்களையும் கறுப்பில் எழுதி முடித்தார். அன்று சாயங்காலம் கொட்டகையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. ஜெட்டின் எரிபொருளுக்கும் அதே வாடைதான். ஆனால் அந்த விமானத்தின் வயிற்றில் எரிபொருள் ஊற்றி முப்பது வருடம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு மமதா இருக்கையில் உட்கார்ந்து ஸ்டிக்கை இழுத்தாள். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வாலில் உள்ள பலகை மேலே எழும். விமானம் மூக்கைத் தூக்கும். அதுவரை வெண்ணெய்போல வந்துகொண்டிருந்தது பாதியில் நின்றது.

டக்.

"சார், ஏதோ தட்டுது" என்றாள்.

தரைத் தகட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. திறந்திருக்கும்போது ஸ்டிக் தாராளமாக வந்தது. மூடினால் பாதியில் நின்றது. நான்கு முறை திறந்தார்கள், நான்கு முறை மூடினார்கள். ஐந்தாவது முறை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

"துருவா இருக்கும்" என்றார் டிரேவர், யாரையும் பார்க்காமல்.

சேஷகிரிக்கு அந்த இடம் தெரியும். ஸ்டிக்கின் அடியில், தகட்டுக்குக் கீழே, ஒரு சாண் அகலப் பள்ளம். மரப்பிடி போட்ட ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் விழுந்தால் வெளியே தெரியாமல் அதில் படுத்துக்கொள்ளும். தரையில் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது; பைலட் சோதித்துப் பார்க்கும்போதுகூட ஸ்டிக் ஒழுங்காகவே அசையும். மேலே போய் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் அது நகரும். நகர்ந்து, மாட்டிக்கொள்ளும்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், அவர் தனியாகப் பேருந்தில் வந்தார். பலகையில் கருவிகளைச் சரிபார்க்கவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கதவைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் அறைந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கிணற்றுக்குள் இருப்பதுபோலக் குளிர்ந்தது. சாலையில் போன பேருந்தின் ஹாரன் எங்கோ தொலைவில் அமுங்கிக் கேட்டது.

விமானத்தில் யாரும் இல்லை.

வாலின் பலகை மெதுவாக எழுந்தது. பாதி எழுந்தது.

டக்.

இறங்கியது. மறுபடி எழுந்தது.

டக்.

அவசரப்படாமல், பொறுமையாக, ஒருவன் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதுபோல. பிறகு வேகம் கூடியது. டக். டக். டக். தகரக் கூரை அதிரும்வரை கூடியது.

சட்டென்று நின்றுபோனது.

மேலிருந்து விழும் ஒரு விமானம் தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்தான்.

சேஷகிரி வெளியே வந்து, பூட்டப்பட்ட தொழிற்சாலைக் கேட்டில் சாய்ந்து நெடுநேரம் நின்றார். நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அவர் மனைவி ஜெயலக்ஷ்மிக்குக்கூடத் தெரியாமல் நாற்பத்தாறு வருடம் காத்தது, இன்னும் சில வருடம் காத்தால் தன்னோடு எரிந்துவிடும்.

ஆனாலும் மறுநாள் போனார். ஏன் போனார் என்பதையும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சங்கமித்ரா எளிமையான பருத்திப் புடவையில் வந்திருந்தாள். நாற்பத்தேழு வயது, அப்பாவின் அதே நெற்றி. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அறைந்த மழையில் மமதா எழுதிவைத்திருந்த உரை யார் காதிலும் விழவில்லை. கரண்ட்டும் போனது. டிரேவர் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அப்பா போறப்போ எனக்கு எட்டு மாசம்" என்றாள் சங்கமித்ரா. "ரிப்போர்ட்ல ஒரே வரி. பைலட் ஸ்டிக்கை இழுத்து மேல எழும்பத் தவறிட்டார்னு. குடிச்சிருந்தாரா, மனசு சரியில்லையான்னு சொந்தக்காரங்க வாய்க்கு வந்ததைக் கேட்டாங்க. அம்மா இன்னிக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டுட்டிருக்கா. அவர் ஏன் இழுக்கலைன்னு."

அவள் விமானத்தின் ஏணியைப் பார்த்தாள்.

"ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கலாமா?"

"தாராளமா" என்றாள் மமதா. "முன் சீட்தான் அவரோடது."

"வேணாம். அது அப்பா சீட். நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்."

சேஷகிரி ஏணியில் ஏறி அவளுக்குக் கைகொடுத்தார். பின் இருக்கையில் அவள் அமர்ந்தாள். இரண்டு ஸ்டிக்குகளும் ஒரே தண்டில் பிணைந்தவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். அவர் முன் இருக்கையின் பக்கமாக, விளிம்பைப் பிடித்து நின்றார்.

அந்த வாடை வந்தது.

அவள் ஸ்டிக்கின் மேல் கையை வைத்தாள். இழுக்கவில்லை. வெறுமனே வைத்தாள்.

"அங்கிள்."

"சொல்லும்மா."

"முன்னாடி நீங்க இழுக்கறீங்களா?"

சேஷகிரியின் இரண்டு கைகளும் விளிம்பின் மேல் இருந்தன. அவர் முன் இருக்கைக்குள் குனிந்து பார்த்தார். தளர்ந்து கிடந்த சீட்பெல்ட்டின் தோள்வார்கள் இரண்டும் விறைத்திருந்தன, நடுவே ஒரு மார்பு இருப்பதுபோல. காலி இருக்கையின் பழைய கித்தான் அழுந்தியிருந்தது. ஸ்டிக் பாதியில் நின்று, நரம்பு முறுக்கேறிய கைபோல நடுங்கிக்கொண்டிருந்தது.

டக்.

"யாரோ இழுக்கறாங்க அங்கிள்." அவள் குரல் மிகச் சின்னதாகிவிட்டது. "ரொம்ப பலமா இழுக்கறாங்க. வரமாட்டேங்குது."

டக். டக்.

அவருக்கு நேர் கீழே, காதோரமாக, ஒரு மூச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

"அவர் இழுத்தாரும்மா" என்றார் சேஷகிரி.

மழைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது.

"அன்னிக்குக் காலைல அவரோட 417-ல நான்தான் இந்தத் தகட்டை மூடினேன். கருவியை எண்ணினப்ப ஒரு ஸ்க்ரூடிரைவர் குறைஞ்சுது. எனக்குச் சாயங்காலம் ட்ரெயின், நிச்சயதார்த்தத்துக்கு லீவு. தேட ஆரம்பிச்சா விமானத்தை நிறுத்திடுவாங்க, லீவு போயிடும். ஹாங்கர்லதான் எங்கயாவது இருக்கும்னு நெனச்சேன். பக்கத்துப் பலகைலேர்ந்து ஒண்ணை எடுத்து மாட்டிட்டு, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டேன்." மூச்சு வாங்கினார். "எரிஞ்ச குப்பைல யாரும் அதைத் தேடலை. நானும் சொல்லலை. உங்கப்பா இழுத்தாரு. வரலை. கடைசி வரைக்கும் இழுத்திருப்பாரு."

சத்தம் நின்றது.

ஸ்டிக் மெல்ல, மிக மெல்ல, பாதியைத் தாண்டிப் பின்னால் வந்தது. முழுக்க வந்து இருக்கையைத் தொட்டு நின்றது. பின்னால் வாலின் பலகை கிறீச்சிட்டபடி உச்சி வரை எழுந்தது.

சங்கமித்ரா யார் கையையும் பிடிக்காமல் தானே இறங்கினாள். சேஷகிரியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். "எழுதிக் குடுங்க" என்றாள். மழையிலேயே காருக்கு நடந்தாள்.

அவர் எழுதிக்கொடுத்தார். அதை அவள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பினாள். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று மமதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். சேஷகிரிக்கு எதுவும் எழுதவில்லை. டிரேவர் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன மாதிரி விமானங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறார், எதற்கும் எண் எழுதுவதில்லை. மமதாவிடம் சாவி இருக்கிறது. சேஷகிரி ஞாயிறுதோறும் பேருந்தில் வந்து கருவிகளின் பெயரைத் தனியாக வாசித்துவிட்டுப் போகிறார்.

ஸ்டிக் அதன் பிறகு முன்னால் போகவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் போகவில்லை. கடைசியில் மமதா வால்வரை போகும் கம்பிகளை மொத்தமாகக் கழற்றிச் சுருட்டித் தரையில் வைத்தாள்.

ஸ்டிக் இன்னும் இருக்கையை ஒட்டியே நிற்கிறது. வாலின் பலகை இன்னும் மேலேதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இப்போது எதுவும் இல்லை.