நாலாவது லேன்

பல்லாவரத்தில் தாம்பரம் ரயில் நகரத் தொடங்கிவிட்டது. தூறலில் நனைந்த பிளாட்பாரத்தில் ஒருத்தி ஓடி வந்தாள்... தோளில் பை, கையில் ஸ்பைக் ஷூ. வாசலில் நின்ற ஜெயவேலு பதறிப்போய்க் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைச் சட்டைகூடச் செய்யவில்லை. கம்பியைப் பிடித்து ஒரே தாவலில் உள்ளே வந்துவிட்டாள்.

"கை குடுத்தேனே..."

"எதுக்கு சார்? எனக்குத்தான் கால் இருக்கே!"

பெட்டியே சிரித்தது. ஜெயவேலுவுக்குக் காது சிவந்தது. ஆனாலும் அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி நிற்க, துளியும் பயமில்லாத கண்கள்! தாம்பரம் வரும்வரை அவன் வேறெதையும் பார்க்கவில்லை.

காந்திமதிக்கோ வேறு நினைப்பு. இன்று பல்கலைக்கழக அணிக்கு நூறு மீட்டர் தேர்வு. 12.4 விநாடிக்குள் வந்தால் அணி. வராவிட்டால்... 'ஓடினதெல்லாம் போதும், டைப்ரைட்டிங் கிளாஸ் போ' என்று சொல்லியிருந்தார் கண்டக்டர் அப்பா. அவர் விசில் அடித்தால் அடித்ததுதான். ஆனால் அவளுக்கு என்ன பயம்? ஜெயிக்கப் போகிறவளுக்கு!

மைதானத்தில் நாலாவது லேன் அவளுக்கு. அந்த லேனுக்கு ஸ்டாப் வாட்ச்சோடு முடிவுக் கோட்டில் நின்றவன்... அட, ரயில்காரன்! எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிப்பவனாம். டைம் எடுக்க ஆள் போதாமல் இழுத்து வந்திருந்தார்கள்.

"கையை வாட்ச்லயே வைங்க சார். வெளியே நீட்டிடாதீங்க!" என்று சீண்டிவிட்டுப் போனாள்.

துப்பாக்கி வெடித்தது. காந்திமதி பறந்தாள்.

12.2!

கோச் ஞானம்மாள் மேடம் ஓடி வந்து கட்டிக்கொண்டார். தோழிகள் தூக்கிச் சுற்றினார்கள். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"மேடம்... அந்த டைம் தப்பு."

எல்லோரும் திரும்பினார்கள். ஜெயவேலுவின் முகம் வெளுத்திருந்தது.

"துப்பாக்கிப் புகையைப் பார்த்ததும் வாட்ச்சை அமுக்கணும். நான் சத்தம் கேட்டப்புறம் அமுக்கிட்டேன். சத்தம் நூறு மீட்டர் வர்றதுக்குள்ள பாயிண்ட் த்ரீ செகண்ட் போயிடுது. நிஜ டைம் பன்னிரண்டரை."

"கண்ணை எங்கப்பா வச்சிருந்தே?" என்று மேடம் சீறினார்.

காந்திமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? காலையில் சிரித்ததற்குப் பழி வாங்குகிறானா? கண் கலங்கியது. ஆனால் தான் ஓடாத ஒரு டைமை வைத்துக்கொண்டு அணிக்குப் போக அவள் மானம் இடம் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவை ஓடறேன் மேடம். டைம் இவரே எடுக்கட்டும்!"

அரை மணி கழித்து மறுபடி நாலாவது லேன். தூறல் வலுத்தது. கோட்டில் விரல் ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் அவன் கண்ணிமைக்காமல் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏனோ அவளுக்குக் கோபம் போய்விட்டது. வெடித்ததும் ஓடினாள்... மழையைக் கிழித்துக்கொண்டு ஓடினாள்.

"பன்னிரண்டு பாயிண்ட் மூணு!" ஜெயவேலு கத்திய கத்தலில் மேடமே திடுக்கிட்டார்.

மூச்சிரைக்க அவனிடம் வந்தாள். "இந்த வாட்டி சரியா அமுக்கினீங்களா?"

"புகையைத்தான் பார்த்தேன்."

"அப்போ முதல் வாட்டி?"

அவன் தலையைக் குனிந்தான். "நாலாவது லேனைப் பார்த்துட்டேன்..."

ஓடியதில் சிவந்த முகம் இன்னும் கொஞ்சம் சிவந்தது. சட்டென்று திரும்பி ஷூவைக் கழற்றப் போய்விட்டாள்.

அணிக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தபோது சாயங்கால ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஜெயவேலு நின்றான். இந்த முறை கையை நீட்டவில்லை... பட்டது போதும்.

அவள் ரயிலோடு சேர்ந்து ஓடினாள். கம்பி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் அதைத் தொடவில்லை. அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

பிடித்து ஏற்றிக்கொண்டான். "கால் இருக்குன்னீங்க..?"

"இருக்கு. உங்க கை இல்லாமலும் ஏறியிருப்பேன்." கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. "கிடைச்ச பாயிண்ட் த்ரீயைக்கூடத் திருப்பிக் கொடுக்க வச்ச ஆளு நீங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எங்கப்பாகிட்ட வந்தும் இதே மாதிரி உண்மையைச் சொல்வீங்களா?"

"எதை?"

"கண்ணை எங்க வச்சிருந்தீங்கன்னு!"