வெளித் தாழ்ப்பாள்

தாழ்ப்பாளை அறைக்கு வெளிப்பக்கம் போடச் சொன்னதுதான் பூட்டுக்காரருக்கு முதலில் உறுத்தியது.

"வெளியிலயா? உள்ள இருக்கிறவங்க எப்படிம்மா தொறப்பாங்க?"

"அவ தொறக்கக் கூடாதுன்னுதாண்ணே," என்றாள் வீட்டுக்காரி. அவள் கையில் இருந்த டம்ளரில் பால் ஆடை கட்டிப்போயிருந்தது.

அவர் பையிலிருந்து ட்ரில்லை எடுத்தார். பழைய கிடங்குக்குப் பின்னால் ஒரு சிறுமியின் உடல் கிடைத்ததிலிருந்து அந்த வட்டாரமே கதிகலங்கிக் கிடந்தது. ஊர் வயிற்றில் புளி கரைந்தால் பூட்டுக்காரனுக்கு யோகம்தான் என்று டீக்கடையில் ஒருவன் கேலி செய்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் அந்த வயதில் ஒரு மகள் இருந்தாள். இப்போதெல்லாம் கையைப் பிடித்தே பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். "நான் என்ன கைக்குழந்தையாப்பா?" என்று அவள் முறைத்தாலும் விடுவதில்லை.

மூடிய கதவின் முன் மண்டியிட்டுத் துளை போட ஆரம்பித்தார். கூடத்துத் தரையில் கிடந்த அந்தி வெயில் மெல்ல மெல்லச் சுவரேறிக்கொண்டிருக்க, ட்ரில்லின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம், மரத்தை நகத்தால் பிராண்டுவது போல, முனை போகும் இடமெல்லாம் கதவின் மறுபக்கத்திலிருந்து கூடவே வந்தது. சூடான மரத்தூள் வாசனையோடு, கதவின் கீழ்ச் சந்திலிருந்து மழையில் நனைந்து மக்கிய துணியின் வாடையும் கசிந்தது.

"மாமா," என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆச்சு கண்ணு. கொஞ்சம் தள்ளி நில்லு. ட்ரில் முனை அந்தப் பக்கம் வந்துடும்."

"பரவால்ல மாமா. எனக்கு வலிக்காது."

அவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்காரியின் முகம் மலர்ந்திருந்தது.

"உங்ககிட்ட பேசுறாளா? எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறாண்ணே. கோபம். தனியா கடைக்குப் போறேன்னு ரொம்ப நாளா கெஞ்சினா. நாலு வீடு தள்ளி இருக்கிற கடைதானேன்னு நானும் அனுப்பினேன். பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அடுப்புல பால் பொங்கிடுச்சு. சட்டுனு உள்ள வந்துட்டுப் போனேன், அவ்வளவுதான். அதுக்குள்ள..."

யாருடைய வீட்டில் மண்டியிட்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ட்ரில்லை நிறுத்தினார்.

பிராண்டல் நிற்கவில்லை.

"தினமும் இந்த நேரத்துக்குக் கிளம்பிடுறா," என்றாள் அவள். "பிடிச்சு வைக்க முடியலண்ணே. சீக்கிரம் முடிங்க."

கடைசி ஸ்க்ரூ இரண்டு முறை விரலிலிருந்து நழுவி விழுந்தது. எப்படியோ முடுக்கினார். கிளம்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. அதற்குள் அவள் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"கண்ணு, பாலைக் குடிச்சிடும்மா."

கட்டில். மடித்து வைத்த போர்வை. கம்பி போட்ட ஜன்னல். உள்ளே யாரும் இல்லை.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. துடைக்காத எண்ணெய் மினுமினுக்க, புதுத் தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. மெதுவாக. கடைசி வரை. டக்.

அவர் இடுப்போரம் சில்லென்று ஒரு மூச்சு.

"அம்மா, நான் தனியாவே போயிட்டு வந்துடுறேன்."

வாசல் கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம் துள்ளித் துள்ளி இறங்கியது.

தாழ்ப்பாளை இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். தான் பொருத்திய தாழ்ப்பாள். அசையவில்லை.

உள்ளே அவள் கத்தவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. கதவோடு வாயை வைத்து மெல்லச் சொன்னாள். "அண்ணே, பால்கனியில நின்னு பாருங்க. கண்ணை மட்டும் எடுக்காதீங்க. ஓரமாப் போறாளான்னு பார்த்துச் சொல்லுங்க."

கால்கள் அவரை இழுத்துப்போயின.

கீழே தெரு வெறிச்சோடியிருந்தது. சுவரை ஒட்டி, துணிப்பையை வீசி ஆட்டியபடி, ஒரு சிறுமி போய்க்கொண்டிருந்தாள். சமர்த்தாக. ஓரமாக.

தெருவிளக்கு எரிந்தது.

மூடிய கடையின் நிழலிலிருந்து ஓர் ஆள் பிரிந்து வந்தான். அவசரமே இல்லை. அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, பின்னால் நடக்கத் தொடங்கினான்.

பூட்டுக்காரர் கத்தினார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"சொல்லுங்கண்ணே," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "தனியாத்தானே போறா?"

தெருமுனையில் சிறுமி திரும்பினாள். அவனும் திரும்பினான்.