மலைக்கு இந்தப் பக்கத்துத் தேரை

போன மழைக்காலத்தில் அந்தச் சிறுமியின் தம்பியைக் காய்ச்சல் கொண்டுபோனது. அதன் பிறகு அவளும் மெலிந்துகொண்டே போனாள்.

“தேரை விழுந்த தேங்காய் மாதிரி ஆயிட்டாளே!” என்று பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் வருத்தப்பட்டாள். அவ்வளவுதான், தெருப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் ‘தேரை’.

அப்பாவுக்குக் காட்டோரச் சாலையில் பஞ்சர் கடை. கடைக்குப் பின்னால் பழைய டயர்கள் கிடக்கும். அவற்றில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும். கொசு வந்தால் என்ன வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டதும் டயர்களைக் கவிழ்ப்பது அவள் வேலை.

அன்று ஒரு லாரி டயரைச் சாய்த்தபோது, உள்ளே இருந்த அழுகிய இலைகளில் ஏதோ அசைந்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தேரை! முதுகு காய்ந்த சருகு நிறம். வயிற்றில் ஆரஞ்சுப் புள்ளிகள்.

கடையில் ஓர் ஆராய்ச்சிக்கார அக்கா, ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தாள். சிறுமி அவளிடம் ஓடிப்போய்க் காட்டினாள். அக்கா குனிந்து பார்த்தாள்.

“அண்ணே! இந்தத் தேரையை நான் கொண்டுபோகணும்!”

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த அப்பா பதறி எழுந்தார். “எம்பொண்ணையா? எங்கே கொண்டுபோகப் போறீங்க?”

விஷயம் புரிந்ததும் மூவரும் சிரித்தார்கள். அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

“இது மழைக்காட்டுத் தேரை. மலைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்குன்னு நினைச்சிருந்தோம். இங்கேயும் இருக்குன்னு காட்டிட்டா, பின்னாடி இருக்கிற காட்டை வெட்டப்போற திட்டத்தை நிறுத்திடுவாங்க” என்றாள் அக்கா.

“அப்போ படம் எடுத்துக்கோங்க.”

“படத்தை மட்டும் நம்பமாட்டாங்கம்மா. உடம்பு வேணும்.” அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். மருந்து வாடை அடித்தது.

சிரிப்பு நின்றது.

“சாகடிப்பீங்களா?”

அக்கா தலைகுனிந்தாள். “எனக்கும் பிடிக்கலைதான்.”

“இருக்கிறதே ஒண்ணு. அதையும் சாகடிச்சுட்டா, இங்கே இருக்குன்னு எப்படிச் சொல்வீங்க? ‘இருந்துச்சு’ன்னுதானே சொல்லணும்?”

அக்கா பாட்டிலைப் பையிலேயே போட்டாள். தேரையை ஒரு டப்பாவில் ஈர இலையோடு வைத்து அவளிடமே கொடுத்தாள். “காலையில வர்றேன். நானும் யோசிக்கிறேன், நீயும் யோசி.”

இரவெல்லாம் மழை. விடிந்ததும் அவள் சாலையில் இறங்கினாள். ஒன்று இருந்தால் இன்னும் சில இருக்கும். மழையில் அவையும் சாலையைக் கடக்கும். லாரிகளோ ராத்திரி முழுக்க ஓடும்.

அடிபட்டுச் செத்தது ஒன்று கிடைக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டாள். அடுத்த அடியிலேயே, கிடைக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள். எதைக் கொடுப்பது என்று கடவுளே குழம்பியிருப்பார்.

வளைவில் கிடைத்தது. பின்னங்கால்கள் நசுங்கிப் போயிருந்தன. முகமும் வயிறும் அப்படியே இருந்தன. ஆரஞ்சுப் புள்ளிகள் மழையில் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தன. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு தார் ரோட்டோடு ஒட்டிப்போயிருந்தன.

அவள் உட்கார்ந்து அழுதாள். தம்பிக்காகவும் சேர்த்து அழுதாள். பிறகு ஓர் இலையைப் பறித்து, நோகாமல் எடுப்பதுபோல் அதை எடுத்தாள்.

ஜீப் வந்து நின்றதும் இலையை நீட்டினாள். “இது போதுமா அக்கா? இதுக்கு இனிமே வலிக்காது.”

அக்கா இலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “போதும்மா. தாராளமா போதும்.”

டப்பாவிலிருந்த தேரையைக் காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். அது அவள் விரல்நுனியில் சற்று உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரே தாவு!

“மத்ததெல்லாம் ரோட்டைக் கடக்குமேப்பா, என்ன பண்றது?” என்று கேட்டாள்.

அப்பா ஒரு பழைய டயருக்கு வெள்ளையடித்து, வளைவில் நட்டார். பெயின்டையும் பிரஷையும் அவள் கையில் கொடுத்தார். அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘மெதுவாகப் போங்க. தேரை கடக்கும் இடம்.’

சாயங்காலம் தூறலில் ஒரு லாரி வந்தது. டயர் அருகே நின்றிருந்த அவளைப் பார்த்து டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா, ராஜா வந்தா வண்டியை நிறுத்துவாங்க. தேரைக்கெல்லாமா நிறுத்தணும்?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் வளைவு தாண்டும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.