அக்கம்மா குண்டம் கேட்ட தேங்காய்

"என் பிள்ளையைத் தூக்குல போட்டுடுவா. நீங்கதான் காப்பாத்தணும்."

சிவாஜிநகரில் துணிக்கடை மாடியில் இருந்த ஞானசேகரனின் அறைக்குள் நுழைந்ததுமே பாகீரதி அம்மாள் சொன்னது இதுதான். போலீஸ் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிந்து வந்த ஞானசேகரன், நாற்காலியைக் காட்டினார். டைப் அடிக்கச் சேர்ந்தவள் மௌரீன். ஆனால் கேஸ் என்றால் மெஷினை மறந்துவிடுவாள். இப்போதும் மறந்தாள்.

"என் நாட்டுப்பொண் ருக்மிணி. பத்து வருஷமாக் குழந்தை இல்லை. ஒரு தரம் உண்டாச்சு, தங்கலை. போன வாரம் கனகபுரா பக்கத்துல எங்க தோட்டத்துக்கு நாங்க மூணு பேரும் போயிருந்தோம். அங்கே பாறை மேட்டுல அக்கம்மா குண்டம்னு ஒரு குளம். பிள்ளை இல்லாத ஏக்கத்துல ஏழு அக்கா தங்கைகள் விழுந்து செத்த இடமாம். பிள்ளை வேணுங்கறவ தன் கையாலே அங்கே தேங்காய் உடைச்சுக் கேட்டாக் கொடுப்பாளாம். உண்டானப்புறம் மட்டும் அந்தப் பக்கம் தலை காட்டப்படாது. பொறாமையிலே இழுத்துண்டுடுவாளாம்."

"மருமக தனியாவா போனாங்க?"

"சொல்லாம கொள்ளாமப் போயிருக்கா. மறுநாள் காலம்பற ஆடு மேய்க்கறவன்தான் அவ குளத்துல பிணமா மிதக்கறதைப் பார்த்துட்டு வந்து சொன்னான். அப்புறம் நான் அங்கே போகவே இல்லை, மனசு கேக்கலை. தேங்காய்க்குள்ளே பூ இருந்தும் இப்படி ஆயிடுத்தே!" அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் பிள்ளைதான் தள்ளினான்னு போலீஸ் பிடிச்சிண்டு போயிடுத்து."

"மகனுக்கு ரெண்டாம் கல்யாணம் பேசினீங்களா?"

"பேசினேன். மாட்டேன்னுட்டான். இப்போ சட்டம் வேற வந்துடுத்தே, ஒருத்தி இருக்கறச்சே இன்னொருத்தி கூடாதுன்னு."

ஞானசேகரன் கேஸை எடுத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் சுந்தரேசனுக்குச் சந்தேகமே இல்லை. "வெளியே சொல்லாதீங்க சார். அந்தப் பொண்ணு மூணு மாசக் கர்ப்பம். பத்து வருஷம் இல்லாதது இப்போ எப்படி வந்துச்சுன்னு புருஷனுக்குச் சந்தேகம். ஒரு மாசமா சவரம்கூடப் பண்ணாம, பித்துப் பிடிச்சவன் மாதிரி ஆபீஸுக்கு வந்தானாம். அம்மாகிட்ட திருப்பதி வேண்டுதல்னு கதை விட்டிருக்கான். அன்னிக்கு எங்கே இருந்தேன்னு கேட்டா, தோட்டத்தைச் சுத்தினேங்கறான். பார்த்தவங்க யாருமில்லை."

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி, முள்ளும் பாறையுமாகக் கிடந்த மேட்டில் ஞானசேகரனும் மௌரீனும் ஏறினார்கள். மேலே, பாறையின் பிளவில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி நின்றது. கரையில் ஏழு பெண்களின் உருவங்கள். யார் எந்தக் காலத்தில் செதுக்கினார்களோ, மஞ்சள் பூசிப் பூசி முகமே தேய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. மௌரீன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"நிஜமாவே இவங்கதான் இழுத்திருப்பாங்களா சார்?"

"பார்க்கலாம்" என்ற ஞானசேகரன், பிணத்தை முதலில் பார்த்த ஆடு மேய்ப்பவனிடம் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்தார். அவன் வருவதற்குள் குரங்குகள் தேங்காயைச் சுரண்டித் தின்றுவிட்டனவாம். கரையில் வெறும் ஓடுதான் கிடந்ததாம்.

அன்று மாலை லாக்கப்பில் பாகீரதி அம்மாளின் மகன் கஸ்தூரிரங்கனைப் பார்த்தார்கள். தாடிக்குள் முகம் வற்றிக் கிடந்தது.

"குழந்தை விஷயம் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான். முன்னே கலைஞ்சப்போ அம்மா பேசின பேச்சு இருக்கே... வயிறு தெரியறவரைக்கும் சொல்ல வேண்டாம்னா ருக்கு." கண் கலங்கியது. "போதும் சார். எனக்காக யாரும் எதையும் கிளற வேண்டாம்."

"தூக்குமேடைக்குப் போறவர் பேசற பேச்சா இது?" என்று வெளியே வந்ததும் மௌரீன் பொருமினாள்.

"யாரையோ காப்பாத்தறவர் பேசற பேச்சும்மா."

மறுநாள் இன்ஸ்பெக்டரின் அறைக்குப் பாகீரதி அம்மாளை வரச் சொன்னார்கள். மகனையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அந்தத் தாடியிலேயே பதில் இருக்கு சுந்தரேசன்" என்று நிதானமாகத் தொடங்கினார் ஞானசேகரன். "இவங்க வழக்கத்துல, மனைவி உண்டாகியிருந்தா புருஷன் சவரம் பண்ணிக்க மாட்டார். யாரோ பெத்த பிள்ளைன்னு நினைக்கிறவர் அந்த விரதம் இருப்பாரா? சந்தோஷத்துல வளர்த்த தாடி அது."

"யார் உண்டாகியிருந்தா?" என்றார் பாகீரதி அம்மாள்.

ஞானசேகரனுக்கு அடுத்த வார்த்தையைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"ருக்மிணி, மூணு மாசம். கர்ப்பிணி தேங்காய் உடைக்க மாட்டா. அந்தக் குளத்துப் பக்கம் தானாப் போகவும் மாட்டா. உண்டானது தெரிஞ்ச புருஷன், பிள்ளை கேட்டு வந்த மாதிரி தேங்காயை உடைச்சு வைக்கவும் மாட்டார். உடைச்சவங்களுக்கு அவ கர்ப்பம்னு தெரியாது. 'மாட்டேன்'னு சொல்ல முடியாத, காரணத்தையும் சொல்ல முடியாத ஒருத்தர் கூப்பிட்டுத்தான் அவ போயிருக்கா. அம்மா, தேங்காய்க்குள்ளே பூ இருந்துச்சுன்னு சொன்னீங்க. பிணத்தைப் பார்த்தவன் கண்டது வெறும் ஓடு. பூவைப் பார்த்தது உடைச்ச கை ஒண்ணுதான்."

"அம்மா, ஒண்ணும் சொல்லாதே!" என்று கத்தினான் கஸ்தூரிரங்கன்.

பாகீரதி அம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. "நான்தான் கூட்டிண்டு போனேன். வழியெல்லாம், அடுத்த மாசம் வரேம்மான்னு கெஞ்சினா. கரையிலே நின்னு, தேங்காய் உடைக்க மாட்டேன்னா. குழந்தை வேணுங்கற ஆசையே இல்லாத ஜன்மம்னு நினைச்சேன். பிடிச்சுத் தள்ளிட்டேன். அப்புறம்தான் பயம் வந்துது. அவளே வேண்டிண்டு வழுக்கி விழுந்ததா இருக்கட்டும்னு நானே உடைச்சு வச்சேன். பூ இருந்துது..."

பூ வைத்த தேங்காய் பிள்ளை வரத்தைச் சொல்லும் என்பார்கள். அம்மாள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பூ பொய் சொல்லலைடா ரங்கா" என்றார். "நான்தான் உன் குழந்தையைத் தண்ணியிலே போட்டுட்டேன்."

பெற்றவள் செய்ததைப் பிள்ளை முதல் நாளே ஊகித்திருந்தான். ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காகத் தேங்காய் உடைக்க மறுத்ததால்தான் ருக்மிணி செத்தாள் என்பது அவனுக்கும் இப்போதுதான் தெரிந்தது. சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் அவனை விடுவித்தார்கள். மௌரீன் ஜட்கா வண்டி பிடிக்க ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது கஸ்தூரிரங்கன் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சலூனில் உட்கார்ந்திருந்தான். தாடியை எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான்.