ஒரு டம்ளர் பொறாமை!

'வீல்ல்ல்...!'

அந்தப் பட்டுக்கடையின் மூன்றாவது மாடியிலிருந்து புறப்பட்ட அலறல், காந்தி ரோட்டில் பஸ் ஹாரனையும் மீறிக்கொண்டு கேட்டது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படிகளில் உருண்டு வராத குறையாக ஓடி வந்தாள், கடை பெருக்கும் அம்சவேணி.

"ஐயோ... கோடவுன்ல... ஜனனி பொண்ணு... வாயில நுரை தள்ளிக்கினு கெடக்குதும்மா!"

சாமி படத்துக்குப் பூச்சரம் போட்டுக்கொண்டிருந்த கலைவாணியின் கை அந்தரத்தில் நின்றது.

கலைவாணிக்குப் பத்தொன்பது வயது. இரண்டாவது மாடி சேல்ஸ் கேர்ள்.

அவள் மனசில் முதலில் வந்த நினைப்பு... 'ஒழிஞ்சாளா?'

அடுத்த விநாடியே... சீ! என்ன நினைப்பு இது?

மூன்றாவதாக வந்ததுதான் அவளைக் கொன்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயக்குமாரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

'அவளுக்காகவா? எனக்கு டைபாய்டு வந்தப்போ இப்படி ஒரு நாளாவது வெளுத்தியாடா?'

ஜனனிக்கு மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போக... போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் தையல்நாயகி. குட்டையான உருவம். நீளமான பார்வை!

கல்லா அறையில் விசாரணை ஆரம்பமாயிற்று. மேஜை மேல் இரண்டு பொருட்கள். ஜனனியின் பக்கத்தில் கிடந்த டம்ளர். ஒரு டிபன் பாக்ஸ்.

"டம்ளர்ல பாதாம் பால். அடியில கரையாத தூக்க மாத்திரை. நல்லாவே தூக்கலா!" என்றார் தையல்நாயகி. "யார் குடுத்தது?"

"நான் சொல்றேன் மேடம்." ஜெயக்குமார் முன்னால் வந்தான். கடையின் மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, கலையவே கலையாத தலைமுடி. "நேத்து பகல், சாயங்காலம் பூரா நான் கோடவுன் பக்கமே போகல. நைட்டு எட்டரைக்குக் கடை சாத்தலாம்னு மேல போனா... இவ பாதாம் பால நீட்டினா. ஜனனி வாங்கிக் குடிச்சா. ரெண்டு கண்ணால பாத்தேன்!"

அவன் விரல் நீண்டது.

கலைவாணியை நோக்கி!

"ஜெயா...?" அவள் குரல் உடைந்தது. "என்னபா சொல்ற?"

"நடிக்காத கலை. எட்டரைக்கு மேல போய்க் கத்தினியா, இல்லியா?"

"கத்தினா மேடம்... கீழ வரைக்கும் கேட்டுது." முதலாளி ஆதிகேசவன் தலையாட்டினார். "'வெளிய வாடி'ன்னு." போன் அடிக்க, காதில் வைத்தபடி வெளியே போனார்.

தையல்நாயகி கையை நீட்டினார். "போன் குடுமா."

வாட்ஸப் திறந்தது. போன வாரம் கலைவாணி ஜனனிக்கு அனுப்பிய மெசேஜ்... 'ஜெயா கூட இன்னொரு வாட்டி பேசினே... உன்ன தீத்துடுவேன்!'

"இதுக்கு என்னமா அர்த்தம்?"

"கோவத்துல போட்டது மேடம்!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஆறு மாசமா நானும் ஜெயாவும் லவ் பண்றோம். ஜனனி வந்து மூணு மாசம்தான் ஆவுது. எப்பப் பாத்தாலும் மாடிப்படி வளைவுல ரெண்டு பேரும் குசுகுசுன்னு... எனக்கு வயிறு எரியாதா? நேத்து கேட்டே தீரணும்னு போனேன். கோடவுன் பூட்டி இருந்துது. உள்ள இருந்துக்கினே தெறக்கமாட்றான்னு நெனச்சிக் கத்தினேன். அவ்ளோதான் மேடம்!"

"லவ்வா?" ஜெயக்குமார் சிரித்தான். "டீ வாங்கிக் குடுத்தா லவ்வா மேடம்? இவளா ஒட்டிக்கினா. நானும் ஜனனியும் கட்டிக்கலாம்னு இருந்தோம். அது பொறுக்காமதான் பால்ல கலந்துட்டா!"

கட்டிக்கலாம்னு இருந்தோம்!

ஜெயில், கேஸ், அம்மா அப்பா... எல்லாம் ஒரு கணம் மறந்து போயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் நெஞ்சில் கொதித்தது.

"ஏறு ஜீப்புல." தையல்நாயகி எழுந்தார்.

கலைவாணி பின்னால் நகர்ந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள். டிபன் பாக்ஸ் சரிந்தது. மூடி தெறித்தது.

இட்லிகள்! தொடாத இட்லிகள். ஓரத்தில் காய்ந்த மிளகாய்ப்பொடி.

அவள் அழுகை சட்டென்று நின்றது.

"மேடம்... இது ஏன் அப்படியே இருக்குது?"

"பசிக்கலபோல."

"இல்ல மேடம்! அவ ஜெயின். ஊரு திருப்பருத்திக்குன்றம். பொழுது சாஞ்சா எதையும் தொடமாட்டா. சோறு, பால்... ஒரு வாய் காபி கூட! அதுக்குத்தான் அர்ஹந்த்துன்னு அவ மாமா பையன் தெனம் அஞ்சரைக்கு ஸ்கூட்டர்ல இட்லி கொண்டாருவான். வெளிச்சம் இருக்கறப்பவே தின்னுடுவா. தீபாவளி கூட்டத்துல கூட விட்டது இல்ல!"

"உனக்கு எப்படிமா இவ்ளோ தெரியும்?"

கலைவாணி தலை குனிந்தாள்.

"அவளத்தான மேடம் மூணு மாசமா பாத்துக்கினே இருக்கறேன்! என்னா தின்றா, எந்தப் பொட்டு வெக்கிறா, யார் கூட சிரிக்கிறா... ஊட்டிவிடாத குறையா ஒருத்தன் தெனம் வந்து நிக்கிறான், இவளுக்கு என் ஜெயாவும் வேணுமான்னு அந்த டிபன் பாக்ஸ பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வரும்!"

தையல்நாயகி மெல்ல உட்கார்ந்தார். பார்வை ஜெயக்குமார் பக்கம் திரும்பியது.

"கட்டிக்கப் போற பொண்ணு ராத்திரியில சாப்பிடமாட்டான்னு உங்களுக்குத் தெரியாதா தம்பி?"

"அது... மேடம்... நேத்து மட்டும்..."

"எட்டரைக்குப் பால் குடிச்சத ரெண்டு கண்ணால பாத்தேன்னீங்களே?"

அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"பொழுது சாயறதுக்கு முன்னாடிதான் குடிச்சிருக்கணும். இட்லி வந்தப்போ பிரிச்சித் தின்னக்கூட முடியாம கெடந்திருக்கா. சாயங்காலம் நீ எங்கமா இருந்தே?"

"ரெண்டாவது மாடியில மேடம். திருமுக்கூடல் கல்யாண பார்ட்டி. மத்தியானத்துலேர்ந்து எட்டு மணி வரைக்கும் என் தோள்லதான் புடவை புடவையா போட்டுப் பாத்துக்கினு இருந்தாங்க. கேமராவுல இருக்கும்!"

ஆஸ்பத்திரியில் இருந்த அர்ஹந்த்துக்கு போன் போயிற்று. ஸ்பீக்கர்.

"தம்பி, நேத்து டிபன் பாக்ஸ யார் கையில குடுத்த?"

"ஜெயக்குமார் அண்ணன் கிட்ட மேடம். ஜனனி கோடவுன்ல வேலையா இருக்கா, இப்பதான் பாத்துட்டு வந்தேன், நானே குடுத்துடறேன்னாரு. நைட்டு ஸ்டாக் எடுக்கற வேலை, அவ கடையிலயே தங்கிடுவான்னாரு."

"கோடவுன் பக்கமே போகலன்னாரே!" தையல்நாயகியின் உதட்டில் சிரிப்பு.

ஜெயக்குமார் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தான். கான்ஸ்டபிள் இரண்டு அடி நகர்ந்தார்!

"மேடம்!" போனில் அர்ஹந்த்தின் குரல் திடீரென்று உயர்ந்தது. "கண்ண முழிச்சிட்டா... ஜனனி முழிச்சிட்டா! கலைவாணி அக்கா எங்கன்னு கேக்கறா!"

என்னையா?

கலைவாணி போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

போனில் கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல்.

"அக்கா... அவன நம்பாதக்கா. முதலாளியோட தங்கச்சி பொண்ணத்தான் கட்டிக்கப் போறான். இன்னிக்குப் பூ வெச்சி நிச்சயம் பண்றாங்க. பொண்ணுக்குப் பட்டு என்னையே எடுத்து வெக்கச் சொன்னான்... கலை அக்கா கிட்ட நீயே சொல்லிடு, இல்லன்னா நான் சொல்லிடுவேன்னு ஒரு வாரமா அவன் கூட சண்டக்கா..."

மாடிப்படி வளைவு! குசுகுசு!

"நேத்து சரி சொல்லிடறேன்னான். சமாதானம்னு பாதாம் பால் வாங்கியாந்தான்..."

போன் பேசி முடித்துத் திரும்பிய ஆதிகேசவன், எல்லாவற்றையும் கேட்டபடி கதவருகே நின்றிருந்தார்.

"டேய்!" ஆதிகேசவனின் முகம் குங்குமமாய்ச் சிவந்தது. "பூ கட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்டா உனக்கு!"

"சாகடிக்கணும்னு இல்ல சார்..." ஜெயக்குமார் சரிந்து உட்கார்ந்தான். "பூ வெச்சி முடியற வரைக்கும் தூங்கட்டும்னுதான்... டோஸ் ஜாஸ்தியாயிடுச்சி. அப்பறம் எதுவும் தோணல. கலை கத்தினது காதுல விழுந்துது... அவ தலையில கட்டிடலாம்னு..."

கையில் விலங்கு ஏறியது.

கலைவாணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஜனனி... உன்ன என்னென்னவோ திட்டிட்டேன்டி. அந்த மெசேஜு..."

"அதுவா? அர்ஹந்த் கிட்ட காட்டினேன். உனக்கு எழுத்துப் பிழை நெறைய வருதாம்க்கா."

வெளியே பட்டுக்கடை பஜாரே கூடி நின்றது. ஜீப்பில் ஏறப் போனவன் திரும்பினான். கடைசி ஆயுதம்! கண்களில் அதே மயக்கும் பார்வை.

"கலை! ஒரு வக்கீல பாரு, ப்ளீஸ். மத்தவள்ளாம் சும்மா... உன்னத்தான்மா நான் நெஜமா லவ் பண்ணேன். ஆறு மாசமா உன் காதுல எவ்ளோ சொல்லியிருக்கேன்! அதெல்லாம் மறந்துட்டியா?"

கலைவாணி கண்ணீரைத் துடைத்தாள். நிதானமாக ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்தக் காதுல சொன்னே?"

"இந்தப் பக்கம்... லெஃப்ட் காதுல. ஏன்?"

"அது ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்தே கேக்காதுடா எனக்கு!"